காம்பவுண்டுக்குள் எத்தனை நாள் காற்று?

மயிலாடுதுறைக்குத் தெற்கே நாற்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. ஆவணி மாதத்து மதியம், ஓ.பி. முடிந்த நேரம். டாக்டர் மேஜையில் ஆக்சிஜனுக்கான மூன்று கொட்டேஷன்களை வரிசையாக விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஸ்டெதஸ்கோப்பை மேலே வைத்திருந்தார்.

"தம்பி, நீங்களே பாருங்க. ஒருத்தர் பிளான்ட் போடுங்கிறார். ஒருத்தர் லிக்விட் எடுத்துக்கச் சொல்றார். பழைய ஆளு சிலிண்டரே போதும்ங்கிறார். மூணு பேரும் கன மீட்டர் ரேட்டைத்தான் பேசுறாங்க."

"ரேட்டை அப்புறம் பார்ப்போம் டாக்டர். இப்ப இருக்கிற ஆக்சிஜன் எத்தனை நாளைக்கு வரும்?"

"எத்தனை நாளா? நாளைக்குக் காலையில வண்டி வந்தாகணும்" என்று சிரித்தார்.

மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் குழாய் இழுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை அலைகிறேன். இந்தக் கேள்விக்கு இதே சிரிப்பைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவருக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மேஜையில் மூன்று காகிதம் இருந்தாலும் வழி இரண்டுதான். சிலிண்டரில் வருவதும் லிக்விடாக வருவதும் பெரும்பாலும் ஒரே அடுப்பில் சமைத்த சோறு. எங்கோ ஒரு பெரிய ஆலையில் காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கிறார்கள். அந்தத் திரவத்தைப் பம்ப் செய்து, ஆவியாக்கி, இரும்புக் குடுவையில் அடைத்தால் சிலிண்டர். திரவமாகவே கொண்டுவந்து இறக்கினால் லிக்விட். பிளான்ட் என்று ஊரில் சொல்லும் பி.எஸ்.ஏ., அதாவது மருத்துவமனையிலேயே நின்று காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரம், அது மட்டும்தான் வேறு சாதி. அதில் குளிர் கிடையாது.

காற்றைத் திரவமாக்குவது லேசாக வந்த வித்தை அல்ல. ஃபாரடே காலத்தில் ஆக்சிஜன், நைட்ரஜன் போன்றவற்றை எவ்வளவு அழுத்தியும் மசியவில்லை. இவை நிரந்தர வாயுக்கள், இப்படியேதான் இருக்கும் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள். அழுத்தம் மட்டும் போதாது என்பது பிறகுதான் புரிந்தது. ஆக்சிஜனை மைனஸ் 118 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாமல் எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் அது திரவமாகாது. 1877 டிசம்பரில் பிரான்சில் காயெத்தேயும் ஜெனீவாவில் பிக்தேயும் தனித்தனியாக ஆக்சிஜனைத் திரவமாக்கியதாக அறிவித்தார்கள். காயெத்தே கண்டது கண்ணாடிக் குழாயில் ஒரு கணம் வந்துபோன பனிமூட்டம்தான். பார்த்து அளக்கும்படியான திரவமாக அதைத் தேக்கிக் காட்டியது 1883-இல், போலந்தின் கிராக்கோவ் நகரத்தில், வ்ரோப்லெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும்.

தொழிற்சாலை அளவுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே, 1895-இல். சூட்சுமம் ரொம்ப எளிது. அழுத்திய காற்றை ஒரு சின்னத் துவாரம் வழியாக விரியவிட்டால் அது கொஞ்சம் குளிரும். ஒரு வளிமண்டல அழுத்தம் குறைவதற்குச் சுமார் கால் டிகிரிதான், பெரிய லாபமில்லை. ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றை வெளியே விட்டுவிடாமல், உள்ளே வரும் அடுத்த காற்றின் குழாயைச் சுற்றி ஓடவிட்டார். இரண்டாவது காற்று முதல் காற்றின் குளிரை வாங்கிக்கொண்டு கிளம்புகிறது, இன்னும் கீழே போகிறது. வட்டிக்கு வட்டி கணக்குதான். ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சொட்ட ஆரம்பிக்கிறது.

சொட்டுவது வெறும் ஆக்சிஜன் அல்ல, திரவக் காற்று. பிரிப்பது அடுத்த வேலை. பன்னீர் வடிப்பது போன்றதே, வடிக்கும் கோபுரம் மட்டும் கடுங்குளிரில் நிற்கிறது. நைட்ரஜன் மைனஸ் 196-இல் கொதிக்கும், ஆர்கான் மைனஸ் 186-இல், ஆக்சிஜன் மைனஸ் 183-இல். முதலில் ஆவியாகி உச்சிக்குப் போவது நைட்ரஜன், அடியில் தங்குவது ஆக்சிஜன். ஆர்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் மூன்றே டிகிரி வித்தியாசம் என்பதால் கோபுரம் உயரமாக வேண்டியிருக்கிறது. காற்றை உள்ளே விடுமுன் ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் உறைந்து குழாயை அடைத்துவிடும். இப்படி வரும் ஆக்சிஜன் 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம்.

இத்தனையும் பெரிதாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும். இரும்பு உருக்கும் ஊர்களில் ஆலைக்கென்றே இத்தகைய கோபுரங்கள் நிற்கும். 2021 மே மாதம் வங்காளத்தின் துர்காப்பூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குத் திரவ ஆக்சிஜன் வந்தது அதனால்தான். டெல்டாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தத் திரவம் விலைக்கு வாங்கும் பொருள், வேறெங்கோ செய்து சாலையில் வருவது. பி.எஸ்.ஏ. வாங்கினால் சாலைக்குப் பதில் கரண்டை நம்புகிறோம். முடிவு எடுக்கும்போது இந்த இரண்டு வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. ஊரில் ஜம்போ என்று சொல்லும் டி டைப் சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் ஒரு நாளைக்கு 7.2 கன மீட்டர். ஆக, ஒரு படுக்கை, ஒரு நாள், ஒரு ஜம்போ. மனசில் நிற்க இதைவிட நல்ல கணக்கு இல்லை. ஆனால் மூக்கு வழியே அதிக வேகத்தில் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் முழு ஆக்சிஜனை நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால் அந்த ஒரே படுக்கை ஒரு நாளில் பன்னிரண்டு ஜம்போவைக் குடித்துவிடும். டாக்டருடைய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரும் சேர்த்துச் சாதாரண நாளில் ஒன்பது, பத்து சிலிண்டர். 70 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

சிலிண்டரை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், நாற்பது வருடம் உழைக்கும். அதில் ஒரு சௌகரியம் பலருக்குத் தெரியாது: உள்ளே இருப்பது வெறும் வாயு, திரவமில்லை. அதனால் கேஜ் முள்ளே இருப்பைச் சொல்லிவிடும். 150-இல் இருந்த முள் 75-க்கு வந்தால் பாதி தீர்ந்தது. சமையல் கேஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே கடைசிச் சொட்டு வரை அழுத்தம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். மூடி வைத்த சிலிண்டர் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். கரண்ட் வேண்டாம்.

கெடுதல் அதன் கனத்தில் இருக்கிறது. காலிச் சிலிண்டரே கிட்டத்தட்ட ஒரு நெல் மூட்டை எடை. உள்ளே இருக்கும் ஆக்சிஜனோ ஒன்பது கிலோ சொச்சம். ஒன்பது கிலோ சரக்குக்கு ஒரு மூட்டை இரும்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம். அதைச் சாய்த்து, கழுத்தைப் பிடித்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு போகும் பையனின் முதுகையும் கால் கட்டைவிரலையும் எந்தக் கொட்டேஷனும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு, சிலிண்டர்களை வார்டுக் குழாயோடு இணைக்கும் மேனிஃபோல்டில் மாற்ற மறந்தால் வரும் சங்கடம் தனி.

ரேட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பரில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் போட்ட உச்சவரம்பு, திரவமாக ஆலை வாசலில் கன மீட்டருக்கு 15 ரூபாய் 22 காசு, சிலிண்டரில் நிரப்புபவர் கையில் 25 ரூபாய் 71 காசு. வரியும் வண்டி வாடகையும் தனி. இன்றைய ரேட் அதுவல்ல, ஆனால் இடைவெளியின் காரணம் இன்றும் அதுதான்: நிரப்பும் கூலி, இரும்பு, சோதனை. டெல்டாவுக்கு வந்துசேரும்போது வண்டி வாடகை இந்த இடைவெளியையே விழுங்கிவிடும். அதனால்தான் ரேட்டை அப்புறம் பார்ப்போம் என்றேன்.

பி.எஸ்.ஏ. பிளான்டுக்கு வருவோம். 2021-இல் பி.எம். கேர்ஸ் நிதியில் நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இவை நிறுவப்பட்டன, பார்த்திருப்பீர்கள். இரண்டு உயரமான டேங்க். உள்ளே ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன உருண்டைகள், பெயர் ஜியோலைட். அழுத்தத்தில் காற்றை விட்டால் உருண்டைகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வழிவிடும். அழுத்தத்தை இறக்கினால் பிடித்ததை உமிழும். ஒரு டேங்க் பிடிக்கும்போது மற்றது உமிழ்கிறது. பக்கத்தில் நின்றால் நிமிடத்துக்கொரு தரம் நாகப்பாம்பு மாதிரி சீறும். வருவது 93 சதவீதம், கூடக்குறைய 3. மிச்சத்தில் பெரும்பங்கு ஆர்கான், ஜியோலைட் அதைப் பிடிக்காது. வார்டுக்கும் வெண்டிலேட்டருக்கும் 93 தாராளமாகப் போதும்.

கரண்ட்தான் அதன் சோறு. ஒரு கன மீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் என்பது என் கைக்கணக்கு. டாக்டருடைய 70 கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 70-லிருந்து 100 யூனிட்.

அதோடு நம் ஊர்க் காற்று. ஜியோலைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஊரில் கம்ப்ரசரிலிருந்து தண்ணீர் குடம்குடமாக இறங்கும். அதை வடிக்கும் ஆட்டோ டிரெயின் வால்வு ஒன்று அடைத்துக்கொண்டால் போதும், ஈரம் உள்ளே ஏறி உருண்டைகளின் பிடிக்கும் சக்தி போய்விடும். நாகப்பட்டினம் பக்கம் உப்பு வேறு. தை மாதம் அறுவடை மிஷின்கள் வயலில் இறங்கினால் தூசியும் சுணையும் பறந்து ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். ஒரு தடவை நான் கழற்றிய ஃபில்டர் வைக்கோல் மெத்தை போல இருந்தது. விரலால் சுரண்டினால் பதர் உதிர்ந்தது. அந்த இடத்தில் நெல் அரவை மில் ஒன்று அடுத்த தெருவில். காற்று உறிஞ்சும் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு எதிரே வைத்திருந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

இன்னோர் இடத்தில் தானமாக வந்த பிளான்ட், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும் பூட்டிய ஷெட்டுக்குள் நிற்கிறது. கம்ப்ரசர் மேல் புறா முட்டையிட்டிருந்தது.

ஆனால் எனக்கு பிளான்ட் மேல் இருக்கும் பெரிய குறை இவை எதுவும் அல்ல. அது சேமிக்காது. பக்கத்தில் இருக்கும் சின்ன ரிசீவர் டேங்கில் சில நிமிடத்துக்கான ஆக்சிஜன்தான். அழுத்தம் ஏற்றும் பூஸ்டர் வைத்துச் சிலிண்டர் நிரப்பலாம், அது தனிச் செலவு. கரண்ட் போய் ஜென்செட்டும் நின்றால் கையிருப்பு பூஜ்யம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது கடலோரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் குழாய் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. வழி நெடுகத் தென்னை குறுக்கே கிடந்தது. பைக்கைப் பாதி தூரம் தூக்கிக்கொண்டுதான் போனேன். புயலுக்கு முதல் நாள் மாலை அவர்களிடம் பன்னிரண்டு ஜம்போ நிரம்பி இருந்திருக்கிறது. நான் போனபோது மூன்று. இரவு டூட்டி சிஸ்டர் ஒவ்வொரு சிலிண்டரின் கறுப்பு உடம்பிலும் திறந்த நேரத்தைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். ஓட்டத்தின் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டர் குண்டு எதுவும் 2 லிட்டருக்கு மேல் இல்லை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி மாட்டிப் பார்த்து, தாங்குகிறவர்களுக்கு இறக்கி, தாங்காதவர்களுக்கு ஏற்றி ஓட்டியிருக்கிறார்.

"டீசல் தீர்ந்து போச்சு சார். பங்க்ல டீசல் இருக்குதாம், பம்ப் ஓட கரண்ட் இல்லியாம்" என்றார்.

அன்றைக்கு விளங்கியது இதுதான். எங்கள் மண்ணில் சாலையும் கரண்டும் மாற்றி மாற்றிக் கெடுவதில்லை. சேர்ந்தே கெடும். சாலை போனால் பிளான்ட் காப்பாற்றும், கரண்ட் போனால் சிலிண்டர் வண்டி காப்பாற்றும் என்று பிரித்து வைக்கும் யோசனை காகிதத்தில் அழகு. புயல் வந்தால், கொள்ளிடம் கரை தொட்டு ஓடினால், அந்த நேரம் காம்பவுண்டுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கையிருப்பு என்று வந்துவிட்டால் திரவத்தை மிஞ்ச ஆளில்லை. ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். 1000 லிட்டர் தொட்டி ஒன்று ஏறத்தாழ 120 ஜம்போவுக்குச் சமம். டாக்டருக்குப் பன்னிரண்டு நாள். திரவத்தை வாயுவாக்கக் கரண்டும் வேண்டாம். துடுப்பு வைத்த அலுமினியக் குழாய்கள் வெளிக்காற்றின் சூட்டையே வாங்கிக்கொள்ளும். மைனஸ் 183-க்கு நம் மார்கழிப் பனியே கொதிக்கும் உலைதான். இங்கேயும் ஈரம் விளையாடும். மழைக்கால விடியலில் அந்தக் குழாய்களில் தேங்காய்த் துருவல் அப்பியது போல வெள்ளைப் பனி ஏறி, விடாமல் ஓடினால் கெட்டிப் பனிக்கட்டியாகிவிடும். இரண்டு செட் வைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

அப்படியானால் எல்லாரும் தொட்டி வைக்க வேண்டியதுதானே? 1000 லிட்டரைத் தாண்டினால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் பெசோ அமைப்பின் உரிமம் வேண்டும், சுற்றிலும் காலி இடம் வேண்டும், களிமண்ணில் நல்ல அஸ்திவாரம் வேண்டும். டேங்கர் லாரி வந்து திரும்ப இடம் வேண்டும். கும்பகோணத்துச் சன்னதித் தெருவுக்குள் மருத்துவமனை வைத்திருப்பவர் இந்த வரியோடு தொட்டியை மறந்துவிடலாம். சின்ன அளவுக்கு டேங்கர் அனுப்பச் சப்ளையருக்கும் மனசு வராது. விபத்தும் உண்டு: 2021 ஏப்ரல் 21-இல் நாசிக்கில் ஒரு மருத்துவமனைத் தொட்டி கசிந்து, வார்டுக்குப் போகும் அழுத்தம் விழுந்து, இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. தொட்டி வைத்தாலும் பக்கத்தில் சிலிண்டர் வரிசை தயாராக நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, கொட்டேஷன் கொடுப்பவர்கள் அதைக் கடைசிப் பக்கத்தில் போடுகிறார்கள். டூரா சிலிண்டர். ஆள் இடுப்புக்கு மேல் உயரம், இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், பெரிய பிளாஸ்க் மாதிரி. சுமார் 200 லிட்டர் திரவம் பிடிக்கும். ஒன்றே 24 ஜம்போவுக்குச் சமம், ஒரு சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நிற்கும். நிரம்பினால் 300 கிலோவைத் தாண்டும். படுக்கப் போடக்கூடாது, நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்கும் மூன்று குணம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, சும்மா நின்றால் கரையும். ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு ஆவியாகி, அழுத்தம் ஏறி, வால்வு வழியே வெளியே போகும். தினமும் உபயோகிக்கும் இடத்தில் அந்த ஆவி குழாய்க்குள்தான் போகும், நஷ்டமில்லை. பத்துப் படுக்கை கிளினிக்கில் வாரத்துக்கு மூன்று சிலிண்டர்தான் செலவு என்றால் நல்ல பங்கு ஆகாசத்துக்குப் போய்விடும். இரண்டாவது, ஒரு மணி நேரத்தில் சுமார் 10 கன மீட்டருக்கு மேல் இழுத்தால் அதனால் ஆவியாக்கித் தர முடியாது. வெளியே பனி பூத்து, குளிர்ந்த வாயு குழாயில் ஏறி, அழுத்தம் விழும். 2021-இல் ஹை ஃப்ளோ கருவிகளை வரிசையாக மாட்டியபோது இதை நேரில் பார்த்தேன். ரெகுலேட்டர் உறைந்து சாவியே திரும்பவில்லை. யாரோ வெந்நீர் கொண்டு ஓடி வந்தார்கள். இன்னொருவர் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார். எண்ணெய்க் கையைத் தட்டிவிட்டேன். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய் பட்டால் தீப்பெட்டி தேவையில்லை. நம்மூரில் எந்த இறுகிய பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருப்பதால் இதை எல்லா இடத்திலும் சுவரில் எழுதி வைக்கச் சொல்கிறேன். மூன்றாவது, டூராவின் அழுத்த கேஜைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது. மேலே மிதவை காட்டும் அளவைத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர் பழகிய கண்ணுக்கு இது வருவதற்கு ஒரு மாதம் ஆகும்.

என் தீர்ப்பு இப்படி. பத்துப் பன்னிரண்டு படுக்கைக்கு ஜம்போவே போதும். வண்டியை எதிர்பார்க்காமல் ஐந்து நாள் சரக்கை ஐப்பசி பிறக்குமுன் வாங்கி அடுக்கிவிடுங்கள். நூறு படுக்கைக்கு மேல், இடமும் ஆளும் இருந்தால், தொட்டியும் பிளான்டும் இரண்டும். தினப்படிக்குப் பிளான்ட், ஆபத்துக்குத் தொட்டி. தொட்டியும் சும்மா நின்றால் கரையும், ஆனால் டூராவைவிட மெதுவாக. டாக்டருடைய நாற்பதுக்கு இரண்டு டூரா, கூடவே இருபது ஜம்போ. 340 கன மீட்டரும் 140 கன மீட்டரும், அவருடைய செலவுக்கு ஏறத்தாழ ஏழு நாள். பிளான்ட் கொட்டேஷன் மூன்றிலும் கவர்ச்சியானது, அதை நான் எடுத்து ஓரமாக வைத்தேன். பத்து வருடத்தில் பணம் மிச்சமாகும் என்ற வாதம் ஒருவேளை சரியாகவே இருக்கலாம். அதைப் பராமரிக்க மயிலாடுதுறையில் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்டேன். சென்னையிலிருந்து மறுநாள் என்றார்கள்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜன்னல் வழியே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைக் காட்டி, "அங்க வச்சுடலாமா?" என்றார்.

"இடம் சரி. தார் போட்டிருக்கே டாக்டர். லிக்விட் கீழே சிந்தித் தாரில் ஊறினா, அது மேல ஒரு சுத்தியல் விழுந்தாலே வெடிக்கும். காங்கிரீட்தான் வேணும். வண்டி நின்னு இறக்குற இடம் வரைக்கும்."

"போன பங்குனியிலதான் தம்பி தார் போட்டேன்."

அடுத்த வாரம் கொத்தனார் கூப்பிட்டார். எத்தனை அடிக்கு எத்தனை அடி பெயர்க்க வேண்டும் என்று கேட்டார்.